ஐஸ் வேண்டாம்

மூன்று சீசனாக லெமார்க்குக்கு நான்தான் குரல்.
உதடு அவனுடையது. மூச்சு தண்டையார்பேட்டை.

திருடுபோன ஓவியங்களைத் தேடிக் கொடுக்கிற
நரைத்த அழகன்.
எபிசோடு தவறாமல் ஒரே ராத்திரியில்
ஐந்து பார் ஏறி இறங்குவான்.
ஓர் இடத்துக்கு ஒரு கிளாஸ்.
இரண்டாவது கேட்கிறவன்
வீட்டுக்குப் போகப் பயப்படுகிறவன் என்பான்.
அப்புறம், யார் முகத்தையும் பார்க்காமல்,
"ஐஸ் வேண்டாம்."

அந்த இரண்டு வார்த்தையை
சாலிகிராமத்தில், ஏசி நிறுத்திய கண்ணாடி அறையில்,
வெந்நீர் குடித்துவிட்டு
நூறு தடவைக்கு மேல் சொல்லியிருக்கிறேன்.
அவன் குடித்த எதுவும் என் நாக்குக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்த பாரில்
ஐஸ் வேணுமா என்று எவனும் கேட்டதில்லை.

லூர்துராஜ்தான் ஆரம்பித்தான்:
"அவன மாதிரி ஒரு நாள் நாமளும் போலாம்டா."
ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன்.
நூறடி உயரத்தில் உட்கார்ந்து
ஊரிலுள்ள ஓட்டல் மாடி விளக்கெல்லாம் அவனுக்கு அத்துப்படி.
"பச்சையா எரியுதே, அது பதினெட்டாவது மாடி.
நீலம், நீச்சல் குளத்தாண்ட."

இப்படித்தான் எண்ணூர் நெடுஞ்சாலையில்,
கன்டெய்னர் லாரிகள் பெருமூச்சு விட்டு நிற்கிற
கஜபதியின் எடைமேடை ஆபீசில்,
எடைச்சீட்டின் முதுகில் திட்டம் எழுதப்பட்டது.

ஐந்து இடம். ஐந்தும் கூவத்துக்கு அந்தப் பக்கம்.
இந்தப் பக்கம் ஒன்றாவது வேண்டுமென்று
டெல்ஃபினா சண்டை போட்டாள்.
ராயபுரம், மிண்ட், பெரம்பூர் வரை தேடிவிட்டு
கணக்கில் வராத ஆறாவது என்று
காசிமேட்டுச் சுக்குக் காபிக்காரனை எழுதிக்கொண்டோம்.

விம்கோ நகர் மெட்ரோ, மாலை ஐந்தரை.
கடைசி ரயிலை விட்டால் ஆட்டோ.
"திருவொத்தியூர்னா எவனும் வரமாட்டான்,
சென்ட்ரல்னு சொல்லி ஏறு, அப்பால பேசிக்கலாம்."
ஷூ கட்டாயம்.
கஜபதியிடம் இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூதான்.
பாலிஷ் போட்டால் தெரியாது, தெரிந்தால்
காலை மேசைக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டியது.
டெல்ஃபினா இறால் கம்பெனி. ஷிஃப்ட் முடிந்ததும்
எலுமிச்சைத் தோலால் முழங்கை வரை தேய்ப்பாள்.
"அதையேதான் கிளாஸ் விளிம்புல சொருவுறானாமே,
அதுக்கா தொள்ளாயிரம் ரூவா?"

தொள்ளாயிரத்தை நாலால், ஐந்தால் பெருக்கி
வரி சேர்ப்பதற்குள் கஜபதி பேனாவை மூடிவிட்டான்.
ஒரு லாரி ஏறியது. இறங்கியது.
"தலைக்கு ஒண்ணு வேணாம், மேசைக்கு ஒண்ணு," என்றாள்.
"ஆளுக்கு ஒரு வாய். அந்தாளு மட்டும் முழுசாவா குடிக்கிறான்?
பாதியிலயே போன் வந்துடுது."

மேசை பிடிக்க நான் போன் போட்டேன்.
"சனிக்கிழம நாலு பேருக்கு எடம் கெடைக்குமா மேடம்?"
இல்லை சார், ஃபுல்.
ஒரு டீ குடித்து, தொண்டையைச் செருமி,
அடிவயிற்றிலிருந்து அவனை எடுத்தேன்.
"சனிக்கிழமை. நால்வர். ஜன்னலோரம்."
கண்டிப்பாக சார்.
லூர்துராஜ் கர்ச்சீப்பை வாயில் திணித்துக்கொண்டான்.
பெயர் சார்?

இந்த வசனம் தாளில் இல்லை.
லெமார்க்கிடம் யாரும் பெயர் கேட்டதில்லை.
அவன் குரலிலேயே சொன்னேன்:
"குணாளன். தண்டையார்பேட்டை."
அந்தப் பக்கம் கீபோர்டு நின்றது.
எழுத்துக் கூட்டச் சொன்னாள்.
கூட்டினேன், ஊரையும் சேர்த்து.

சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்.
ஒத்திகைக்கு எடைமேடையில் ஏறி நின்றோம்.
மொத்த எடை இருநூற்று அறுபது என்று சீட்டு வந்தது.
போய்வந்து இன்னொன்று எடுத்துப் பார்க்கவேண்டும் என்கிறாள் டெல்ஃபினா.
"ஒண்ணும் மாறாது," என்கிறான் கஜபதி.
"இருவது கிலோவுக்குக் கம்மியா எது ஏறினாலும்
இது கண்டுக்காது."